பத்தொன்பதுக்குப் பின் இருபத்தேழு

மார்ச் 3, திங்கள்

முப்பத்துமூன்று.

மறுபடியும் எண்ணினேன். முப்பத்துமூன்றுதான். நாற்பது வர வேண்டும்.

காரணத்தை எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தபால் நிலையத்திலிருந்து வெளியே வந்து படியில் நின்றேன். இடது பக்கமா, வலது பக்கமா என்று தெரியவில்லை. இருபது வருஷமாக நடக்கிற தெரு. எதிரே தையல் கடை தெரிகிறது, அதன் வாசலில் பழைய தையல் மெஷின் தெரிகிறது, என் கையில் குடை இருப்பது தெரிகிறது. என் வீடு எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். கைப்பையில் எதையோ தேடுகிறவள்போல் நின்றேன். பிறகு கால் தானாக வலது பக்கம் திரும்பியது. யாரும் பார்க்கவில்லை.

அதனால் இன்று காலை எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். கான்வென்டில் ஆறாம் வகுப்பில் மதர் கொடுத்த வேலை அது. ‘செட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நாற்பது பிரயோகம், அகராதியைத் தொடாமல், இரண்டே நாளில். வகுப்பில் நாற்பதும் எழுதியவள் நான் ஒருத்திதான். மதர் என் நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அன்று முதல் அது எனக்கு மந்திரம். பல் பிடுங்கும்போது சொல்லியிருக்கிறேன், பிரசவ வலியில் சொல்லியிருக்கிறேன், என் கணவர் போன அன்று வீடு நிறைய ஆட்கள் இருக்க மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். “தாயே, உன் செட்டை ஆரம்பிச்சிடாதே, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு” என்பார், இருந்த காலத்தில்.

ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. நாற்பது என்று தெரிந்த பிறகு எதற்கு எண்ணுவது?

மார்ச் 5, புதன்

முப்பத்துமூன்று.

சூரியன் அடைவது, எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, பொறி வைப்பது, நெருப்பு வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, கடிகார முள்ளைத் திருத்துவது, கோழியை அடைக்கு வைப்பது. மழை பிடித்துக்கொள்வது, ஜெல்லி உறைவது, சிமெண்ட் இறுகுவது, பாட்டுக்கு மெட்டுப் போடுவது, கேள்வித்தாள் தயாரிப்பது. தமிழில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சொல்லை ஆளாக வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த ஒரே ஆள் வீடு முழுவதையும் கட்டி மேய்க்கிறான்.

முதலாவது தெரிகிறது. நாற்பதாவதும் தெரிகிறது, கூண்டைத் திறந்து விடுவது. நடுவில் ஏழு கழன்று விழுந்திருக்கின்றன. எங்கே விழுந்தன? இன்னும் எத்தனை ஆடிக்கொண்டிருக்கின்றன?

மார்ச் 9, ஞாயிறு

மகன் போன் செய்தான். வாரா வாரம் இந்த நேரத்துக்குத்தான் செய்வான்.

“அம்மா, இங்க உனக்கு ஒரு ரூம் செட் பண்ணியாச்சு. கட்டில், ஃபேன், எல்லாம் போட்டாச்சு. பெரியம்மாவுக்கும் ஒரு நல்ல இடம் பாத்து வெச்சிருக்கேன். இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க.”

“எங்களுக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கோம்.”

“இப்ப நல்லா இருக்கே. நாளைக்கு நீ ஒரு தடவை மறந்து அடுப்பை அணைக்காம விட்டா? எழுந்து ஓடக்கூட முடியாத மனுஷி பக்கத்து ரூம்ல.”

அங்கே வெயில் எப்படி என்று பேச்சை மாற்றினேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் போனை வைத்ததும் அடுப்பைப் போய்ப் பார்த்தேன்.

என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷமாகிறது. வலது கையும் காலும் போயின. வாய் கோணிற்றே தவிர நாக்கு கோணவில்லை, பழைய கூர்மை அப்படியே இருக்கிறது. அவள் கல்யாணமே செய்துகொள்ளாதவள். எனக்கு அவர் போனதிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீடு. நான் அவனிடம் போனால் அவள் அந்த ‘நல்ல இடத்தில்’ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். என் மறதி வெளியே தெரியக் கூடாது. யாருக்கும்.

மார்ச் 12, புதன்

முப்பத்துமூன்று. நல்லது. குறையவில்லை.

மார்ச் 17, திங்கள்

மாத்திரை குறைகிறது.

அக்காவுக்கு மாலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை, ரத்தம் கட்டாமல் இருப்பதற்கு. ஒன்று தவறினாலும் ஆபத்து, ஒன்று கூடினாலும் ஆபத்து என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் ஒன்றாம் தேதி முப்பது கொடுத்தார். இன்று பதினேழாவது மாத்திரை கொடுத்தேன். பதின்மூன்று இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், தலையணை உறையை உதறினேன், குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன்.

மாத்திரைக்குக் கால் முளைத்ததா?

அந்த மாத்திரை டப்பாவைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நான், புயல்.

புயல் என்பது அக்காவைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்கு அக்கா வைத்த பெயர். கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாதவள். அவள் அம்மாவுக்கும் இதே நோய் என்று ஒரு நாள் சொன்னாள். இதே மாத்திரை.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

வாசல் அறையில் வைத்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நாலு மாத்திரை குறையுது. உங்கம்மாவுக்குத் தேவைப்பட்டா என்கிட்ட கேட்டிருக்கலாம்.”

புயல் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அப்புறம்தான் வந்தது.

“மூணு வருஷமா பெரியம்மாவைத் தூக்கி இறக்குறேன். ஒரு குண்டூசி எடுத்திருப்பேனாம்மா? நான் பேசுற ஒவ்வொரு வார்த்தையையும் திருத்துவீங்க. ‘செட்டுன்னு சொல்லாதே, ஒத்துப்போகும்னு சொல்லு’ன்னு பாடம் எடுப்பீங்க. சரி, படிச்சவங்கன்னு விட்டேன். இதை விட முடியாது. உங்களுக்கும் எனக்கும் செட் ஆகாதும்மா.”

போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள். முதல் தடவையாக.

அக்காவிடம் அவளுக்கு வேறு வீட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். “சொல்லாமயா போனா?” என்றாள். ஆமாம் என்றேன். மதரிடம் படித்தவள் பொய் சொன்னேன்.

டப்பாவுக்குப் பூட்டுப் போட்டேன். சாவியை ஊக்கில் கோத்து ரவிக்கையில் குத்திக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

அக்காவைக் குளியலறைக்கு நகர்த்தும்போது என் முழங்கால் மடங்கியது. அவள் பாதி நாற்காலியிலும் பாதி என் தோளிலும் தொங்கினாள். “விட்டுடாதடி, விட்டுடாதே” என்றாள். விடவில்லை. எப்படி உட்கார வைத்தேன் என்று எனக்கே தெரியாது. உட்கார்ந்ததும், “கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை. நாம ரெண்டு பேரும் சேந்தாக்கூட ஒரு ஆள் தேற மாட்டோம்” என்று சிரித்தாள். நான் வெளியே வந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பட்டியல் முப்பத்துமூன்று.

மார்ச் 22, சனி

பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். “என்னடி குளிருது?” என்றாள் அக்கா. காற்று வரட்டும் என்றேன்.

மகன் சொன்னது இதைத்தான்.

மார்ச் 24, திங்கள்

இரண்டு மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும்.

பதினேழாம் தேதி ஒன்பது இருந்தது. ஏழு நாள், ஏழு மாத்திரை. இன்று ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எல்லாக் குழியும் காலி.

டப்பா பூட்டில் இருந்தது. சாவி என் ரவிக்கையில் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

அய்யோ, அப்போ நானா? நானே குடுத்தேனா, ரெண்டு ரெண்டா? எப்போ குடுத்தேன்? எனக்கு ஏன் தெரியல?

அக்காவின் ஈறைப் பார்க்க வேண்டும், உடம்பில் எங்காவது நீலம் கட்டியிருக்கிறதா பார்க்க வேண்டும். மாத்திரை கூடிவிட்டால் வரும் என்று டாக்டர் சொன்ன அடையாளங்கள் அவை. அவள் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். “என்னடி பண்றே, மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி?” என்றாள். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். தபால் நிலையப் படி, பால், மாத்திரை. கழன்று விழுந்த ஏழு.

“என்ன ஏழு?” என்றாள்.

“செட்டுக்கு நாற்பது பிரயோகம். முப்பத்துமூணுதான் வருது.”

அவள் கோணல் வாயால் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

“நீ எங்கடி நாப்பது எழுதினே? முப்பத்துமூணுதான் எழுதினே. ரெண்டாம் நாள் ராத்திரி சாப்பிடக்கூட வராம மேசையிலேயே உக்காந்து அழுதே. அப்புறம் பத்தொன்பதுக்குப் பின்னாடி நேரா இருபத்தேழுன்னு போட்டே. நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? மதர் கடைசி எண்ணைப் பாத்தாங்க, கைதட்டினாங்க. அவங்களும் எண்ணல.”

பத்தொன்பதாவது, கோழியை அடைக்கு வைப்பது. இருபத்தேழாவது, மழை பிடித்துக்கொள்வது. நடுவில் நோட்டில் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் கண் முன்னால் வந்துவிட்டது. இருபத்தேழில் ‘7’ போடும்போது பேனா நிப்பு அழுந்தி மை தெறித்ததுகூட.

அறுபத்துமூன்று வருஷம் அந்த நாற்பதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை. என் மூளை முழுசாக இருக்கிறது.

அப்போது அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு இடது கையால் தலைமாட்டைத் தடவினாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“திற.”

கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது. கூட்டுக்குள் ஆறு மாத்திரைகள். ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

“முதல் மாத்திரையை முழுங்கிடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தண்ணியும் மாத்திரையுமா திரும்ப வருவே. குடுத்தாச்சுடின்னு முதல் தடவை சொன்னேன். நீ பாத்த பார்வை... அதுக்கப்புறம் சொல்ல மனசு வரல. கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு, நீ போனதும் எடுத்திடுவேன்.”

“மருந்தோட விளையாடினியா? யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்.”

“சொன்னா உன்னை அவன் கூட்டிட்டுப் போயிடுவான். என்னை எங்கயோ போட்டுடுவான். எனக்கு மட்டும் பயம் இல்லியா?”

மார்ச் 25, செவ்வாய்

இன்று பட்டியலைச் சொல்லிப் பார்க்கவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அது ஆறாம் வகுப்பு. போன திங்கட்கிழமை நான் செய்தது எங்கே?

வீடு தீப்பிடிக்கும்போது பட்டுப் புடவை பத்திரமாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன்.

புயலைப் பற்றியும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரையில் கோபப்படாதவள் இதில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அவளையா சொன்னே? போ. போய்க் கூப்பிட்டு வா. கால்ல விழுந்தாவது கூப்பிடு” என்றாள்.

மார்ச் 26, புதன்

புயல் வீட்டுக்குப் போனேன். வழியைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் தாளைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது, ஆனால் போய்ச் சேர்ந்தேன். அக்காவுடன் பக்கத்து வீட்டம்மாவை உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன்.

ஒற்றை அறை. கட்டிலில் அவள் அம்மா. தலைமாட்டில் மருந்து அட்டைகள் தேதி வாரியாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தது. என் டப்பாவைவிட ஒழுங்கு.

“என்னம்மா, இன்னும் ஏதாவது குறையுதா?” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

ஆபீசில் முப்பது வருஷம் மற்றவர்களுடைய கடிதங்களில் பிழை திருத்தியவள் நான். மன்னிப்புக் கடிதங்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். எனக்கென்று ஒன்று வாயில் வரவில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினேன்.

“நான்தான். எனக்கு மறந்துபோகுது. உன்மேல பழி போட்டேன். தப்பு.”

அவள் மாத்திரைகளை எண்ணினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் நான் இத்தனை நாளாகப் பயந்தேன். பரிதாபம். இதற்கு அவள் கதவை அறைந்து சாத்தியிருக்கலாம்.

“உக்காருங்கம்மா,” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். “பெரியம்மாவுக்காக வரேன். உங்களுக்காக இல்ல. சாவி என்கிட்ட இருக்கணும். அப்புறம், உங்க பையன்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ற மாதிரி வெச்சுக்காதீங்க.”

சாவியை ஊக்கிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். ரவிக்கையில் இரண்டு ஓட்டை விழுந்திருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

மகனிடம் சொன்னேன். “இருக்கியாடா?” என்றேன். “இருக்கேம்மா” என்றான். சின்ன வயசில் பொய்ப்பல் வைத்த பாட்டியைப் பார்த்துப் பயந்து என் பின்னால் ஒளிவானே, அந்தக் குரல். பல் செட். அதுவும் பட்டியலில் இருக்கிறது.

வருகிறான்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டர் மூன்று சொல் சொன்னார். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேட்பேன் என்றார். ஒரு வட்டம் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளைப் பதினொன்று பத்துக்கு வைக்கச் சொன்னார். முள்ளை வைப்பது என் பட்டியலில் பன்னிரண்டாவது. வைத்தேன். சரியாகத்தான் வைத்தேன் என்று நினைக்கிறேன். மகன் ஜன்னலைப் பார்த்தான்.

“அந்த மூணு வார்த்தை?” என்றார் டாக்டர்.

“குடை” என்றேன். மற்ற இரண்டும் இல்லை. தேடினேன். அங்கே இடமே இல்லை, சுவர்தான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் முட்டாள் இல்லை, டாக்டர்” என்று முப்பத்துமூன்றையும் வரிசையாகச் சொன்னேன், பத்தொன்பதுக்குப் பிறகு மூச்சு விடாமல். அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார்.

“இதெல்லாம் ரொம்ப நாள் இருக்கும்மா,” என்றார். “காலையில நடந்ததுக்குத்தான் இனிமே பக்கத்துல ஆள் வேணும்.”



ஏப்ரல் 6, ஞாயிறு

மகன் இரண்டு நாள் இருந்தான். புயல் அக்காவைத் தூக்கி உட்கார வைப்பதைப் பார்த்தான், மருந்து டப்பாவைப் பார்த்தான், மருந்து கொடுத்ததும் புயல் சுவர்த் தாளில் கோடு போடுவதைப் பார்த்தான். அக்கா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “உங்கம்மாவுக்கு மூளை இல்ல, எனக்குக் கை கால் இல்ல. ரெண்டையும் பிரிச்சா உனக்கு ரெண்டு அரை ஆள்தான் மிஞ்சும்” என்றாள். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

புயலும் அவள் அம்மாவும் பின்பக்க அறைக்கு வந்துவிடுவதாக முடிவு. மூன்று மாதம் பார்க்கலாம் என்றான். கேஸ் குழாயை அடைத்துவிட்டு, மின்சார அடுப்பு வாங்கி வைத்துவிட்டுப் போனான். அது தானாக அணைந்துவிடும்.

மூன்று மாதம். இதை எழுதி வைக்கிறேன், மறந்துவிடாமல் இருக்க. ஜூலை ஆறு.

ஏப்ரல் 20, ஞாயிறு

புயல் அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தலை வாரினாள். கதவுகள் பழையபடி அடித்துச் சாத்தப்படுகின்றன. அதைக் கேட்க எனக்கு நிம்மதி என்று அவளிடம் சொல்லப் போவதில்லை.

“ஒரு வழியா நம்ம எல்லாருக்கும் செட் ஆயிடுச்சு, இல்லம்மா?” என்றாள்.

திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. மதரின் பட்டியலில் இது இல்லை. இங்கிலீஷ்காரர்களுக்கே தெரியாத பிரயோகம். இங்கேயே எழுதி வைக்கிறேன். முப்பத்துநான்கு, மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவது.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். “இந்தத் தடவை எண்ணைச் சரியாப் போட்டியா?” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புயல் அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் சொல்லுகிற ‘செட் ஆயிடுச்சு’ மதரின் பட்டியலில் இல்லை என்று இன்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? இங்கேயே எழுதி வைக்கிறேன். முப்பத்துநான்கு, மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவது.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். புயல் கையில் சீப்பு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நல்லாருக்குடி,” என்றாள் அக்கா. “எழுதிக்கோ.”

வேடிக்கையாக ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படியெல்லாம் செய்கிறவளே இல்லை.